ஆர்.ஏ. நெகட்டிவ்னு வந்த ஒரு பேப்பர்

அம்மா இடியாப்ப அச்சை பிழிய முடியாம உக்காந்திருந்த அந்த காலைய நான் மறக்கவே மாட்டேன். 2017 கடைசி. மணி நாலரை இருக்கும், கரண்ட் இல்ல, அடுப்படியில சத்தமே வரலியேன்னு எந்திரிச்சு போய் பாத்தா மெழுகுவத்தி வெளிச்சத்துல அச்சை மடியில வச்சுகிட்டு அப்படியே உக்காந்திருக்காங்க. மாவு ஆறி இறுகி போச்சு. "விரலெல்லாம் கட்டையா இருக்குடி, மடக்க வரல"ன்னாங்க. ரங்கூன்ல எங்க தெருமுனையில முப்பது வருஷமா இட்லி, தோசை, இடியாப்பம் போட்டு எங்க மூணு பேரையும் வளத்த கை அது, பர்மாக்காரங்க கூட "தோஷே, தோஷே"ன்னு காலைலயே வந்து வரிசையில நிப்பாங்க, அந்த கை ஒரு அச்சை திருக முடியாம கெடந்தது.

பக்கத்து வீட்டு அத்தை வாதம்னாங்க. சிரியத்துல இருந்து சித்தி தைலம் கொண்டு வந்து தேச்சாங்க. பத்து மணி ஆனா கொஞ்சம் இளகும், மறுநாள் விடிஞ்சா திரும்ப அதே கதை. கடைசியா ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டு போனோம், ரத்தம் எடுத்தாங்க, மூட்டு வாதத்துக்கு பாக்கற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்னு பேப்பர்ல வந்துச்சு. அங்க இருந்தவர் பேப்பரை பாத்தார், அம்மா கைய பாக்கல. "வாதம் எதுவும் இல்ல, வயசானா அப்படித்தான்"னு சொல்லி வலி மாத்திரை எழுதி அனுப்பிட்டார். நாங்களும் சந்தோஷமா திரும்பி வந்தோம். நான் லேப்ல வேலை பாக்குறவ, அப்ப சுகர், கொலஸ்ட்ரால், லிவர் டெஸ்ட் பாக்குற பக்கம் இருந்தேன். நெகட்டிவ்னா இல்லைன்னுதான் அர்த்தம்னு நானும் நம்பிட்டேன், அது இன்னைக்கும் மனசுல உறுத்துது.

அதுக்கப்புறம் எட்டு மாசம் சும்மா போச்சு.

எட்டு மாசம் கழிச்சு ஒரு சயாமாகிட்ட போனோம் (இங்க பொம்பள டாக்டரை சயாமான்னுதான் கூப்பிடுவோம்). அவங்க பேப்பரை கேக்கவே இல்ல. அம்மா கைய கைகுலுக்கற மாதிரி புடிச்சு அடி முட்டிங்கள லேசா சேத்து அமுக்கினாங்க, அம்மா துடிச்சு போயிட்டாங்க. "காலைல விறைப்பு எவ்ளோ நேரம் இருக்கும், அஞ்சு நிமிஷமா ஒரு மணி நேரமா"ன்னு கேட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு விரலா தொட்டு காட்டுனாங்க, நுனி முட்டி நல்லா இருக்கு பாரு, நடு முட்டியும் அடி முட்டியும் மட்டும் மெத்துன்னு வீங்கி இருக்கு, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, மணிக்கட்டும் சேந்துகிச்சு, வயசான தேய்மானம்னா நுனி முட்டியத்தான் அதிகமா புடிக்கும், இது அது இல்லன்னாங்க. எக்ஸ்ரே எடுத்ததுல எலும்பு ஓரத்துல அரிச்ச மாதிரி ரெண்டு சின்ன குழி. அந்த குழி பெரும்பாலும் திரும்ப தூராதாம். சி.சி.பி.ன்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதி குடுத்தாங்க, அதுல அம்மாவுக்கு நல்லா உச்சத்துல பாசிட்டிவ். முடக்குவாதம். (நம்ம ஆளுங்க இந்த பேரை கேட்டதும் கை கால் இழுத்துக்கற பக்கவாதம்னு நெனச்சு பயப்படறாங்க, அது வேற நோய், மூளை சம்பந்தப்பட்டது. இது மூட்டு.)

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரு டெஸ்ட் இல்லங்குது, இன்னொண்ணு இருக்குங்குது, அப்படின்னா இந்த டெஸ்டெல்லாம் எதை பாத்து சொல்லுதுன்னு உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் லேப்ல கேட்டு இந்த மாதிரி எதிர்ப்பு சக்தி டெஸ்டுங்க பாக்கற இம்யூனாலஜி பக்கமே மாறிட்டேன். அங்க இருந்து தெரிஞ்சுகிட்டதத்தான் எழுதறேன், ஏன்னா வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது நம்ம தமிழ் ஆளுங்க பேப்பரை புடிச்சுகிட்டு "இதுல என்னம்மா போட்ருக்கு"ன்னு கவுன்ட்டர்ல வந்து நிக்கறாங்க.

ஆன்டிபாடிங்கறது கிருமி வந்தா அதுல போய் ஒட்டிக்கறதுக்காக நம்ம உடம்பு செய்யற புரதம். அது சொந்த உடம்போட பொருள்லயே போய் ஒட்டுனா ஆட்டோஆன்டிபாடி. 1900-கள் தொடக்கத்துல பால் எர்லிக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி, உடம்பு தனக்கு தானே விஷம் வச்சுக்காதுன்னு எழுதினார், அதனால ரொம்ப காலம் இப்படி ஒண்ணு இருக்கும்னே நிறைய பேர் யோசிக்கல. 1940-ல நார்வேயில எரிக் வாலர்ங்கறவர் ஆட்டு ரத்த அணுவ வச்சு ஒரு டெஸ்ட் பண்ணும்போது முடக்குவாதக்காரங்க ரத்தத்துல அந்த அணுவெல்லாம் விசித்திரமா ஒண்ணா திரண்டுக்கறத பாத்தார். 1948-ல அமெரிக்காவுல ஹாரி ரோஸும் அதையே பாத்தார். அதுதான் பின்னாடி ஆர்.ஏ. ஃபேக்டர்னு ஆனது. அது வேற ஒண்ணும் இல்ல, இன்னொரு ஆன்டிபாடியோட வால் பக்கத்துல போய் ஒட்டற ஆன்டிபாடி.

இதை எங்க லேப்ல சாதாரணமா எப்படி பாப்போம்னா, கருப்பு அட்டையில வட்டம் வட்டமா இருக்கும், அதுல ஒரு சொட்டு சீரம் (ரத்தம் உறைஞ்சப்புறம் மேல நிக்கற தெளிவான நீர்), ஒரு சொட்டு வெள்ளையா பால் மாதிரி லேட்டக்ஸ் (ஆன்டிபாடி பூசின குட்டி குட்டி மணிங்க), கலக்கி ரெண்டு நிமிஷம் அட்டைய கையில வச்சு மெதுவா ஆட்டணும். பாசிட்டிவ்னா பால் திரிஞ்ச மாதிரி பொடி பொடியா பிரியும். நெகட்டிவ்னா வெள்ளையாவே இருக்கும். அவ்ளோதான். அம்மாவுக்கு அன்னைக்கு திரியல.

ஆனா முடக்குவாதம் வந்தவங்க பத்து பேர்ல ஏழு எட்டு பேருக்குத்தான் இந்த ஃபேக்டர் இருக்கும். மிச்ச ரெண்டு மூணு பேருக்கு நோய் முழுசா இருக்கும், பால் மட்டும் திரியாது. அம்மா அந்த ரெண்டு மூணுல ஒருத்தங்க. இதுக்கு மறுபக்கமும் இருக்கு, டி.பி. இருந்தாலும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வரலாம், குஷ்டம், ஹெபடைட்டிஸ் சி, இதய வால்வுல கிருமி, இதுல எல்லாம் வரலாம், எதுவுமே இல்லாம வெறும் வயசானதுக்கே கூட வரலாம். பர்மாவுல டி.பி. எவ்ளோ ஜாஸ்தின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால முட்டி வீங்காத ஒரு தாத்தாவுக்கு ஆர்.ஏ. பாசிட்டிவ்னு வந்துச்சுன்னு மாத்திரைய ஆரம்பிக்கறதும் தப்பு, முட்டி வீங்கின எங்க அம்மாவ நெகட்டிவ்னு திருப்பி அனுப்பினதும் தப்பு. ரெண்டுமே கைய தொட்டு பாக்காததால வர்ற தப்பு.

சி.சி.பி. அதை விட புதுசு, 1998-ல நெதர்லாந்துல இருந்து வந்தது. நம்ம புரதத்துல அர்ஜினின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, உடம்புல ஒரு என்சைம் அதை சிட்ருலின்னு மாத்தி போட்டுரும், வீக்கம் இருக்கற எடத்துல எல்லாம் இது சாதாரணமா நடக்கறதுதான். ஆனா சிலரோட உடம்பு அந்த மாறின புரதத்த வேத்தாளா நெனச்சு அதுமேல ஆன்டிபாடி செய்ய ஆரம்பிச்சுரும். சிகரெட் புகை நுரையீரல்ல இந்த மாத்தத்த அதிகமாக்குது, பரம்பரையா ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருக்கறவங்க புகையும் பிடிச்சா ஆபத்து இன்னும் ஏறுதுன்னு ஸ்வீடன்ல பாத்து சொல்லியிருக்காங்க. ஈறு நோயையும் சந்தேகப்படறாங்க. எங்க அம்மா வாழ்க்கையில ஒரு சுருட்டு தொட்டதில்ல, அதனால அவங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. இந்த டெஸ்ட் முடக்குவாதக்காரங்கள்ல மூணுல ரெண்டு பேரத்தான் புடிக்கும், ஆனா அந்த நோய் இல்லாதவங்களுக்கு தப்பா பாசிட்டிவ் காட்டறது ரொம்ப கம்மி, நூத்துக்கு அஞ்சு பேர் பக்கம்தான்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது ஒண்ணு. நெதர்லாந்துல ரத்ததானம் பண்ணவங்களோட பழைய ரத்தத்த ஃப்ரீசர்ல வச்சிருந்தாங்க, அதுல பின்னாடி முடக்குவாதம் வந்தவங்க ரத்தத்த மட்டும் எடுத்து பாத்தா, ஏறக்குறைய பாதி பேருக்கு வலி வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே இந்த ஆன்டிபாடிங்க இருந்திருக்கு, நடுவாந்தரமா நாலரை வருஷம். அப்படின்னா அம்மா நாலு மணிக்கு எந்திரிச்சு சிரிச்சுகிட்டே மாவு பிசைஞ்ச காலத்துலயே அது ரத்தத்துல ஓடிகிட்டு இருந்திருக்கலாம். லூபஸ்லயும் (எதிர்ப்பு சக்தியே சொந்த தோல், மூட்டு, கிட்னியெல்லாம் தாக்கற நோய்) இதே கதை. அமெரிக்க ராணுவம் தன்னோட ஆளுங்க சீரத்த சேமிச்சு வச்சிருக்கு, 2003-ல அதுல இருந்து லூபஸ் வந்த 130 பேரை பாத்ததுல 115 பேருக்கு நோய் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு ஆட்டோஆன்டிபாடி இருந்திருக்கு, ஒருத்தருக்கு ஒன்பது வருஷத்துக்கும் மேல முன்னாடி. அதுவும் ஒழுங்கு வரிசையா வருது, ஏ.என்.ஏ. (செல்லோட கருவுல ஒட்டற ஆன்டிபாடிங்களோட பொது பேரு), ரோ, லாங்கற ஆன்டிபாடிங்க எல்லாம் முதல்ல, டி.என்.ஏ. ஆன்டிபாடி அப்புறம், ஸ்மித் ஆன்டிபாடி நோய் கிட்ட வந்தப்புறம்.

இதை படிச்சதும் எல்லாருக்கும் என்ன தோணும், அப்ப நாமளும் இப்பவே டெஸ்ட் பண்ணி பாத்துரலாமேன்னுதான தோணும். என் தங்கச்சிக்கும் அதான் தோணிச்சு. என்கிட்ட சொல்லாமலே எங்கயோ ஒரு ஃபுல் செக்கப் பேக்கேஜ்ல ஏ.என்.ஏ. சேத்து எடுத்துட்டா. 1:80 பாசிட்டிவ். அப்பதான் அவளுக்கு மோல்மேன்ல ஒரு நல்ல எடத்துல வரன் பேசிகிட்டு இருந்தோம். பேப்பரை தலகாணிக்கு அடியில வச்சுகிட்டு மூணு நாள் சாப்பிடாம அழுதிருக்கா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு, இதை சொல்லாம எப்படி கல்யாணம் பண்ணிக்கறதுன்னு.

நான் அவளை எங்க லேப்புக்கே கூட்டிட்டு போனேன். இருட்டு ரூம்ல உக்கார வச்சு ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்ல ஒரு பழைய ஸ்லைடை காட்டினேன். ஸ்லைடுல ஹெப்-2ன்னு மனுஷ செல்லுங்கள வளத்து ஒட்டி வச்சிருப்பாங்க, அதுமேல நோயாளியோட சீரத்த தண்ணியாக்கி ஊத்தி அரை மணி நேரம் வச்சு கழுவி, அப்புறம் ஒளிர்ற சாயம் பூசின இன்னொரு ஆன்டிபாடிய ஊத்தி, திரும்ப கழுவி பாக்கணும். செல்லோட கருவுல ஏதாவது ஒட்டியிருந்தா அது பச்சையா எரியும், கார்த்திகைக்கு இருட்டுல அகல் ஏத்தி வச்ச மாதிரி வரிசையா. ஒண்ணுல கரு முழுசா ஒரே பச்சையா இருக்கும், ஒண்ணுல ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், தோல் இறுகற நோய்ல ஒரு வகைக்கு கடுகு எண்ணி வச்ச மாதிரி தனித்தனியா நாப்பது அம்பது புள்ளி இருக்கும். எந்த மாதிரி எரியுதுங்கறது எதுல ஒட்டுதுங்கறதுக்கு ஒரு துப்பு. எவ்ளோ தூரம் தண்ணியாக்கியும் எரியுதுங்கறதுதான் அந்த நம்பர், 1:80ன்னா சீரத்த எண்பது மடங்கு தண்ணியாக்கியும் தெரியுதுன்னு அர்த்தம், 1:640ன்னா 640 மடங்கு ஆக்கியும் தெரியுது.

அப்புறம் அவகிட்ட ஒரு கணக்கு சொன்னேன். 1997-ல பல நாட்டு லேபுங்க சேந்து ஒரு நோயும் இல்லாத ஆளுங்கள டெஸ்ட் பண்ணதுல 1:40-ல நூத்துக்கு 32 பேர் பாசிட்டிவ், 1:80-ல 13 பேர், 1:160-ல 5 பேர், 1:320-ல கூட 3 பேர். லூபஸ் ஆயிரத்துல ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம். நம்ம காளியம்மன் கோயில் திருவிழாவுல ஆயிரம் பேர் கூடியிருந்தா 1:80 பாசிட்டிவ் ஆளுங்க நூத்து முப்பது பேர் இருப்பாங்க, லூபஸ்காரங்க ஒருத்தர் இருந்தா ஜாஸ்தி, நீ அந்த நூத்து முப்பதுல ஒருத்தின்னேன். சயாமாவும் அவளை நல்லா கேட்டாங்க, முட்டி வலி, வாய்ப்புண், வெயில்ல தோல் சிவக்கறது, முடி கொட்டறது, குளிர்ல விரல் வெளுக்கறது, ஒண்ணுமில்ல, யூரின்ல புரதம் இல்ல, ரத்த அணுவெல்லாம் சரியா இருக்கு. "இந்த பேப்பரை ஃபைல்ல வைம்மா, உடம்புல ஏதாவது வந்தா அப்ப வா, திரும்ப திரும்ப ஏ.என்.ஏ. எடுக்காத"ன்னு அனுப்பிட்டாங்க. இப்ப அவளுக்கு ரெண்டு பசங்க, மோல்மேன்ல நல்லா இருக்கா. செக்கப் பேக்கேஜ்ல ஏ.என்.ஏ.வ சேத்து விக்கறது எனக்கு கொஞ்சமும் சம்மதம் இல்ல. அது சந்தேகம் இருக்கற நோயாளிக்கு டாக்டர் கேக்க வேண்டிய டெஸ்ட். லூபஸ்னு சொல்ல 2019-ல வந்த விதிமுறையிலயும் ஏ.என்.ஏ. 1:80ங்கறது உள்ள நுழையற வாசப்படி மட்டும்தான், அதுக்கப்புறம்தான் கிட்னி, தோல், மூட்டு, ரத்தம்னு மார்க் போட்டு கூட்டறாங்க.

பேப்பர்ல வர்ற எஸ்.எம்., ரோ, லா, ஜோ-1 இதெல்லாம் ஏதோ கெமிக்கல் பேருன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். இல்லங்க. அந்த ஆன்டிபாடிய முதல்ல எந்த நோயாளி ரத்தத்துல பாத்தாங்களோ அவங்க பேரோட முதல் எழுத்துங்க. எஸ்.எம். 1966-ல வந்தது, ஸ்மித்ங்கற ஒரு லூபஸ் நோயாளியோட பேரு. எங்க லேப்ல தினமும் இந்த பேரை டைப் பண்ணும்போது எனக்கு அவங்க நெனப்பு வரும், ஊசி குத்தி குத்தி ரத்தம் குடுத்த யாரோ ஒருத்தங்க, அவங்க ரத்தத்த வச்சு இன்னைக்கு ரங்கூன்ல ஒரு பொண்ணுக்கு நோய் தெரியுது.

எல்லா ஆன்டிபாடியும் ஒரே மாதிரி இல்ல. சிலது வெறும் அடையாளம், சிலது தானே போய் கெடுதல் பண்ணும். டி.என்.ஏ. ஆன்டிபாடி லூபஸ்ல டி.என்.ஏ.வோட சேந்து கட்டியா கிட்னி சல்லடையில போய் படிஞ்சு அங்க வீக்கத்த உண்டாக்கும், அதுக்கு சி3, சி4ன்னு எதிர்ப்பு சக்திக்கு உதவற புரதங்க செலவாகி ரத்தத்துல கொறையும். அதனாலதான் லூபஸ்காரங்களுக்கு ஏ.என்.ஏ.வ விட்டுட்டு டி.என்.ஏ.வும் சி3 சி4-உம் யூரினும் மட்டும் திரும்ப திரும்ப பாக்கறாங்க. இன்னொண்ணு பாஸ்போலிபிட் ஆன்டிபாடி, ரத்தம் கட்டிக்க வைக்கும், கரு திரும்ப திரும்ப கலையும். இது இருக்கறவங்களுக்கு மேகநோய்க்கு பாக்கற வி.டி.ஆர்.எல். டெஸ்டும் பொய்யா பாசிட்டிவ் வரலாம், ஏன்னா அந்த டெஸ்ட்ல உபயோகிக்கறதும் அதே வகை கொழுப்புதான். இது தெரியாம புருஷன் பொண்டாட்டிய சந்தேகப்பட்டு வீடே ரெண்டா போற மாதிரி ஆகும், தயவு செஞ்சு மேகநோய் கிருமிக்கே பாக்கற டி.பி.எச்.ஏ. டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணாம யாரும் யாரையும் ஒரு வார்த்தை பேசாதீங்க. பாஸ்போலிபிட் பாசிட்டிவ் வந்தாலும் 12 வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்தாத்தான் கணக்கு.

ஆனா ஆன்டிபாடியே நேரா கெடுதல் பண்ணும்ங்கறத நான் கண்ணால பாத்தது ரோ ஆன்டிபாடியில தான். பெகுவுல இருந்து ஒரு பொண்ணு, நாலு மாசம் கர்ப்பம், கண்ணும் வாயும் காஞ்சு போகுதுன்னு மட்டும் வந்தா, வேற நோயே இல்ல. ரோ பாசிட்டிவ். இந்த ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியா குழந்தைக்கு போகும், நூத்துல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு இதயத்துக்குள்ள மின்சாரம் ஓடற பாதைய கெடுத்துரும், துடிப்பு பாதியா கொறைஞ்சுரும், அது திரும்பாது. பெரும்பாலும் 18-ல இருந்து 24 வாரத்துக்குள்ள நடக்கறது. ஏற்கனவே ஒரு குழந்தைக்கு அப்படி ஆயிருந்தா அடுத்ததுக்கு நூத்துக்கு பதினாறு பதினெட்டு. அவளுக்கு இது முதல் குழந்தை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் குடுத்தாங்க, நம்ம தாத்தா பாட்டி தோட்டக்காட்டுல மலேரியாவுக்கு சாப்பிட்ட குளோரோகுயினோட கூடப்பொறந்த மாதிரி மருந்து. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பெகுல இருந்து பஸ் புடிச்சு ஸ்கேனுக்கு வருவா, போகும்போது எங்க கவுன்ட்டர் பக்கம் வந்து "அக்கா, இன்னைக்கு 140"ன்னு குழந்தையோட இதயத்துடிப்ப சொல்லிட்டு போவா. நானும் அவ பின்னாடி அந்த வாரங்கள எண்ணிகிட்டே இருந்தேன்.

குழந்தை இதயத்துக்கு ஒண்ணும் ஆகாம நல்லபடியா பொறந்துச்சு. ஒரு மாசத்துல முகத்துல, கண்ண சுத்தி வட்டம் வட்டமா சிவப்பு தடிப்பு, ஜன்னல் வெயில் பட்டதும் வந்திருக்கு. மாமியார் பயந்து தனாக்கா (பர்மாவுல முகத்துக்கு பூசற மரப்பட்டை) அரைச்சு பூச, அதுல அடங்கல. அதுவும் ரோ பண்ற வேலைதான். குழந்தை அந்த ஆன்டிபாடிய செய்யல, அம்மாகிட்ட இருந்து வாங்கினது, ஆறேழு மாசத்துல அது ரத்தத்துல இருந்து தானா கரைஞ்சு போயிரும், வெயில் மட்டும் படாம பாத்துக்கோன்னு சயாமா சொன்னாங்க. ஏழாவது மாசம் தூக்கிட்டு வந்து காட்டினா, முகம் பளிச்சுன்னு இருந்துச்சு, என் மைக்ராஸ்கோப் கண்ணாடிய புடிச்சு இழுத்தான்.

அம்மாவுக்கு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்ங்கற மருந்து ஓடுது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து டி.பி. இருக்கான்னு பாத்தாங்க, ஹெபடைட்டிஸ் பி, சி பாத்தாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிடற மாத்திரை அது, தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனால எங்க வீட்டு காலண்டர்ல செவ்வாய்க்கிழமைய எல்லாம் சிவப்பு பேனாவுல வட்டம் போட்டு வச்சிருக்கேன், மாத்திரை டப்பாவையும் நான்தான் வச்சிருக்கேன். மறுநாள் ஃபோலிக் ஆசிட். மூணு மாசத்துக்கு ஒரு தடவை லிவரும் ரத்த அணுவும் நானே பாத்துருவேன். சி.சி.பி.ய மட்டும் திரும்ப எடுக்கல, அது கொறைஞ்சாலும் கொறையலைன்னாலும் மருந்து மாறப்போறதில்ல, வீக்கம் எவ்ளோ, விறைப்பு எவ்ளோ நேரம், வீக்கத்த காட்டற இ.எஸ்.ஆர். ரத்த டெஸ்ட் எவ்ளோ, அதத்தான் சயாமா பாக்கறாங்க.

காலை விறைப்பு இப்ப பத்து நிமிஷம். எலும்புல அந்த ரெண்டு குழி அப்படியேதான் இருக்கு, வலது கை நடுவிரல் முழுசா மடங்காது. மாவு பிசையறது அம்மா, அச்சு பிழியறது நானு, அஞ்சரைக்கு தட்டு வெளிய போயிரும்.